கையில் எட்டு லட்சம், தலைமேல் வீட்டுக்கடன்

2024 ஆவணியில் எங்கள் அம்மா பேரில் இருந்த சைட் (வீட்டுமனை) ஒன்றை விற்றோம். எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு எட்டு லட்சம் வந்தது. இரண்டு பேருக்கும் வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருந்தது. "கடனில்லாத கஞ்சி கால் வயிறுன்னாலும் போதும் சாமி. ரெண்டு பேரும் மொதல்ல பேங்குக் கடனைக் கட்டி முடிங்க" என்று அம்மா சொல்லிவிட்டார்.

நான் முழுசாகக் கட்டி முடித்தேன். தம்பியை அப்படிக் கட்ட விடவில்லை.

அதற்காக அவனுக்கு என்மேல் ஒரு வாரம் வருத்தம். "உங்களுக்கு மட்டும் கடன் தீரோணும், எனக்கு வேண்டாமுங்களாக்கா?" என்று கேட்டான். ஒரே தொகை, கிட்டத்தட்ட ஒரே வட்டி, ஒரே வீட்டுப் பிள்ளைகள். அப்படியிருந்தும் இரண்டு பேருக்கும் ஒரே பதில் சரிவராது என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அதே எண்ணம்தான். சைட் விற்றோ, சீட்டு எடுத்தோ, போனஸோ, பாகப்பிரிவினைப் பணமோ கையில் வந்து, வீட்டுக்கடனை என்ன செய்வது என்று யோசிக்கிற குடும்பங்கள் நம்ம பக்கம் நிறைய இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் எங்கள் கணக்கைத் திறந்து வைக்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு அரசுச் சம்பளம். தம்பி பல்லடம் பக்கம் பன்னிரண்டு விசைத்தறி போட்டுக் கூலிக்கு ஓட்டுகிறான். பாவும் (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) குறுக்கு நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார். சாயம் போடாத காடாத் துணியாக நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் வீட்டில் மாதம் பிறந்தால் பணம் வரும். அவன் வீட்டில் தறி ஓடினால் வரும்.

எழுபது காசு வட்டி

நம்ம ஊரில் வட்டியை வருடக் கணக்கில் யாரும் பேசுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை என்பதுதான் பேச்சு. ஒரு வட்டி என்றால் வருடத்துக்கு 12 சதவீதம். ஒன்றரை வட்டி 18. ரெண்டு வட்டி 24. தம்பியின் வீட்டுக்கடன் அப்போது 8.5 சதவீதம். அதையே நம்ம பேச்சில் சொன்னால் எழுபது காசு வட்டி. எழுபது காசு வட்டிக்கு வெளியில் யாரும் கடன் தரமாட்டார்கள். நாம் வாங்குகிற கடன்களில் பெரும்பாலும் ஆகக் குறைந்த வட்டி வீட்டுக்கடனுக்குத்தான்.

ஆனால் தொகை பெரியது, காலம் நீண்டது. அதனால் பயமும் அதன்மேல்தான் வருகிறது. பாக்கி 20 லட்சம், இன்னும் 15 வருடம், 8.5 சதவீதம் என்றால் தவணை 19,695 ரூபாய். முதல் மாதத் தவணையில் 14,167 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 5,528 மட்டும். கடைசி வரை இப்படியே கட்டினால் வட்டி மட்டும் 15 லட்சத்து 45 ஆயிரம் ஆகும். இதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். கையில் காசு வந்ததும் கொண்டுபோய்க் கட்டிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு.

நான் தறிக்குடோனுக்குப் போய்த் தம்பியிடம், "உன் கடன் எல்லாத்தையும் ஒரே பக்கத்துல எழுதிக் காட்டு கண்ணு" என்றேன். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தோம். பாவுக் கணக்கு எழுதுகிற டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதினான். பேங்க் 20 லட்சம். நகை வைத்தது, பைனான்ஸில், 2 லட்சம், ஒன்றரை வட்டி. கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம், கைமாத்து 1 லட்சம், ரெண்டு வட்டி. கடைசி வரி எனக்கு மட்டுமல்ல, அவன் மனைவிக்குமே அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த இரண்டு சில்லறைக் கடனுக்கும் மாதம் 5,000 ரூபாய் வட்டி கட்டிக்கொண்டிருந்தான். நகைக்கு 3,000, கைமாத்துக்கு 2,000. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. வருடத்துக்கு 60,000. அதே மூன்று லட்சத்தை வீட்டுக்கடனில் கட்டியிருந்தால் முதல் வருடம் மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ 25,500. எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று இதற்கு மேல் கணக்குப் போட வேண்டியதில்லை.

வீட்டுக்கடன் இருப்பது ஊருக்குத் தெரியும். வீடும் கண்ணுக்குத் தெரிகிறது. நகைக்கடனும் கைமாத்தும் யாருக்கும் தெரியாது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட "வீட்டு மேல கடன் எத்தனை இருக்குதுங்க?" என்றுதான் கேட்கிறார்கள். அதனால் தெரிகிற கடனை முதலில் அடைத்துவிட வேண்டும் என்று மனசு இழுக்கிறது. தெரியாத கடன்தான் வீட்டைத் தின்கிறது.

எட்டு லட்சத்தையும் கட்டிவிட்டால்?

தம்பி முதலில் நினைத்தது இதைத்தான். 20 லட்சத்தில் எட்டைக் கட்டினால் பாக்கி 12 லட்சம். தவணையை அப்படியே வைத்துக்கொண்டால் 15 வருடக் கடன் 6 வருடம் 8 மாதத்தில் முடிந்துவிடும். வட்டி 15.45 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 3.76 லட்சமாக இறங்கிவிடும். பார்க்க அழகான கணக்கு. சம்பளம் மாதாமாதம் நிச்சயமாக வருகிறவருக்கு, வேறு கடன் எதுவும் இல்லாதவருக்கு, இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன்.

தம்பி விஷயத்தில் இதில் மூன்று குறை இருந்தது. ஒன்றரை வட்டியும் ரெண்டு வட்டியும் அப்படியே நிற்கும். கையில் பைசா இருக்காது. மூன்றாவது, கட்டிய பணத்தை வங்கி திருப்பித் தராது. வீட்டுக்கடனில் பணம் உள்ளே போவது சுலபம், வெளியே எடுப்பது அப்படி இல்லை. டாப்அப் கடன் (அதே வீட்டின்மேல் கூடுதல் கடன்) என்று கேட்டால், தறி நின்று வருமானம் இல்லாத மாதத்தில் எந்த மேலாளர் கையெழுத்துப் போடுவார்?

நம்ம பக்கத்து வருமானத்தின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். 2011 ஜனவரி கடைசியில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பட்டறையோடு நிட்டிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று எல்லாம் தடுமாறியது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோது வாரக் கூலி கொடுக்கப் பணமில்லாமல் நின்றோம். 2020-ல் ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. வீட்டுக்கடன் 15, 20 வருடக் கடன். அந்தக் காலத்துக்குள் இப்படி இரண்டு மூன்று அடி விழும் என்று வைத்துக்கொண்டுதான் நாம் கணக்குப் போட வேண்டும். 2020-ல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. சேர்ந்த வட்டி அசலில் ஏறி, கடன் காலம் நீண்டவர்கள் எங்கள் கம்பெனியிலேயே இருக்கிறார்கள்.

காலத்தைக் குறைப்பதா, தவணையைக் குறைப்பதா?

கொஞ்சம் பணம் கட்டினால் வங்கியில் கேட்பார்கள்: தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைக்கட்டுமா, காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைக்கட்டுமா? "காலத்தைக் குறை" என்பதுதான் எல்லோரும் சொல்கிற பதில். தம்பிக்காக நாங்கள் ஒதுக்கிய மூன்றரை லட்சத்தை வைத்துப் பார்ப்போம். பாக்கி 16.5 லட்சம் ஆகிறது. காலத்தைக் குறைத்தால் 10 வருடம் 7 மாதத்தில் முடிகிறது. மிச்சமாகும் வட்டி 6.84 லட்சம். தவணையைக் குறைத்தால் 19,695 என்பது 16,248 ஆகிறது, மிச்சம் 2.70 லட்சம்தான்.

இதில் வங்கி செய்கிற மாயம் ஒன்றும் இல்லை. காலத்தைக் குறைத்தால் மாதம் 3,447 ரூபாய் கூடுதலாகக் கட்டிக்கொண்டே போகிறோம், அதனால் வட்டி குறைகிறது. தவணையைக் குறைத்துக்கொண்டு, அந்த 3,447-ஐ நாமாகவே மாதாமாதம் கூடக் கட்டினாலும் கிட்டத்தட்ட அதே மிச்சம் வரும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. ஆகவே கூடக் கட்டுவதற்குத் தடையில்லை. நிலையான வட்டிக் கடன் என்றால் மட்டும் கட்டணம் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். சில இடங்களில் குறைந்தது இவ்வளவு சேர்த்துத்தான் கட்ட வேண்டும் என்றும் வைத்திருப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளக்காரருக்குக் காலத்தைக் குறைப்பதுதான் நல்லது. காரணம், குறைந்த தவணையில் மிச்சமாகும் பணம் எங்கே போனது என்றே தெரியாமல் போய்விடும். தறிக்காரருக்கு, லாரிக்காரருக்கு, கோழிப்பண்ணைக்காரருக்கு நான் தவணையைக் குறைக்கத்தான் சொல்வேன். கட்டாயத் தொகை சிறிதாக இருக்க வேண்டும். ஓடுகிற மாதத்தில் விரும்பிக் கட்டுகிற தொகை பெரிதாக இருக்க வேண்டும்.

கடைசியில் தம்பியின் எட்டு லட்சம் இப்படிப் பிரிந்தது. கைமாத்து 1 லட்சம் அன்றைக்கே போனது. நகையை மீட்க 2 லட்சம். பைனான்ஸில் கவரைப் பிரித்துக் கொடுத்தபோது தம்பி மனைவி ஆரத்தை எடுத்து, ஒவ்வொரு குண்டாக விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைத்தாள். எண் எழுதிய சீட்டு நூலோடு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை லட்சம் தனியாக, வேறு வங்கியில், அவள் பேரிலேயே டெபாசிட். புதுத் தவணைக்கு ஒன்பது மாதம் தாங்கும். மீதி மூன்றரை லட்சம் வீட்டுக்கடனில், தவணையைக் குறைத்து.

இப்போது கணக்கைப் பாருங்கள். முன்பு வீட்டுத் தவணை 19,695, சில்லறைக் கடன் வட்டி 5,000, ஆக மாதம் 24,695 போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் யாராவது ஒருவர் வாசலில் வந்து நிற்பார். இனிக் கட்டாயம் 16,248 மட்டும். தறி நன்றாக ஓடுகிற மாதத்தில் பழையபடி 24,695-ஐயே வீட்டுக்கடனில் கட்டினால், எல்லா மாதமும் அப்படிக் கட்ட முடிந்தால், 7 வருடம் 7 மாதத்தில் கடன் முடியும். எட்டு லட்சத்தையும் கொட்டியிருந்தால் 6 வருடம் 8 மாதம், ஆனால் நகையும் கைமாத்தும் அப்படியே கிடந்திருக்கும். பதினோரு மாத வித்தியாசத்துக்கு மூன்று லட்சம் கடனும் தீர்ந்து, கையில் ஒன்றரை லட்சமும் இருக்கிறது.

2025 மார்ச் பிற்பகுதியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் நின்றன. ஏப்ரலிலும் பல நாள் ஓடவில்லை. அந்த இரண்டு தவணையும் டெபாசிட்டிலிருந்து போனது. நகை பெட்டியில்தான் இருந்தது.

பங்கில் போட்டால் அதிகம் வராதா?

எங்கள் கம்பெனியில் இளம் பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. கடனுக்கு 8.5 போகிறது, மியூச்சுவல் ஃபண்டில் 12 வரும், பிறகு எதற்குக் கடனை அடைக்க வேண்டும் என்கிறார்கள். கடனை அடைத்தால் 8.5 சதவீதம் நிச்சயம்; அதற்கு வரியும் இல்லை. பங்கில் வருவது நிச்சயமில்லை. 2008-ல் சந்தை பாதிக்கு மேல் விழுந்தது, 2020 மார்ச்சில் சில வாரங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. இரண்டு முறையும் ஏறியது என்பது உண்மை. ஏறும்வரை விற்காமல் இருக்க முடிந்தவருக்கே அது உண்மை. லாபம் வந்தாலும் வருடத்துக்கு 1.25 லட்சத்துக்கு மேலான நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீத வரி இருக்கிறது.

முப்பது வயது, உறுதியான வேலை, ஆறு மாதச் செலவு கையில், வேறு கடன் இல்லை, பத்து வருடம் தொடமாட்டேன் என்ற உறுதி, இவ்வளவும் இருந்தால் பாதியைக் கடனிலும் பாதியை ஃபண்டிலும் போடுவதை நான் தப்பு சொல்லமாட்டேன். தறி நின்ற மாதத்தில் எடுக்க வேண்டியிருக்கிற பணத்தைப் பங்கில் போடவே கூடாது. வைப்புத்தொகையில் போட்டுக் கடனை ஓட்டுவதிலும் லாபமில்லை. அங்கே வரும் வட்டி பெரும்பாலும் கடன் வட்டியைவிடக் குறைவு. கைச்செலவுக்கான காப்புப் பணம் மட்டும் விதிவிலக்கு. அதை வட்டிக்காக நாம் வைப்பதில்லை.

வரிச் சலுகைக்காகக் கடனை வைத்துக்கொள் என்று சொல்கிறவர்களும் உண்டு. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டியில் வருடம் 2 லட்சம் வரை கழிவு பழைய வரிமுறையில்தான் கிடைக்கும். புது முறையில் அது இல்லை. பழைய முறையில் 30 சதவீதப் படியில் இருப்பவருக்கு 8.5 சதவீதக் கடன் ஏறத்தாழ 5.85 சதவீதம்போல் ஆகிவிடும். அவருக்கு அவசரப்பட்டு அடைக்கத் தேவையில்லைதான். நானும் என் வீட்டுக்காரரும் புது முறைக்கு மாறிவிட்டோம். எங்களுக்கு அந்தச் சலுகை ஒரு ரூபாய்கூட இல்லை. நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று பார்க்காமல் இந்தப் பேச்சை நம்பாதீர்கள்.

தம்பிக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. செகண்ட் ஹேண்ட் ரேப்பியர் தறி (நாடா இல்லாமல் வேகமாக ஓடும் தறி) இரண்டு வாங்கிப் போட்டால் என்ன என்றான். தொழிலில் போட்ட பணம் எழுபது காசைவிட அதிகம் கொடுக்கும் காலம் உண்டு, அதை மறுக்கமாட்டேன். நம்ம ஊர் வளர்ந்ததே அப்படித்தான். ஆனால் அவனுக்குப் பாவு கொடுக்கிறவர் ஒரே ஒருவர். அவர் நிறுத்தினால் பழைய தறியும் நிற்கும், புதுத் தறியும் நிற்கும். இரண்டாவதாக ஒரு ஜவுளிக்காரர் எழுத்தில் உறுதி கொடுக்கட்டும், அப்புறம் பேசலாம் என்று விட்டுவிட்டோம்.

நிலம் விற்று அடைப்பது பற்றிச் சுருக்கமாக. கிணறோ வாய்க்கால் தண்ணீரோ பாய்கிற தோட்டத்தை விற்று வீட்டுக்கடனை அடைக்காதீர்கள். சும்மா கிடக்கிற மேட்டாங்காடு, பங்காளிகளுக்குள் பேச்சு முடிந்தது, நல்ல விலை வருகிறது என்றால் தயங்க வேண்டாம்.

ஓவர்டிராஃப்ட் (ஓடி) கணக்கு மாதிரி ஒரு வீட்டுக்கடன்

சில வங்கிகளில் வீட்டுக்கடனையே ஓவர்டிராஃப்ட் கணக்காகக் கொடுக்கிறார்கள். தொழில் செய்கிறவர்களுக்கு ஓடி பழக்கம்தானே, அதேபோல்தான். கூலி வந்ததும் அதில் போட்டால் அன்றிலிருந்து அந்தத் தொகைக்கு வட்டி இல்லை, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். வட்டி விகிதம் சாதாரண வீட்டுக்கடனைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். ஏற்ற இறக்கமான வருமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான கடன் இல்லை என்பது என் எண்ணம். புதிதாக வீட்டுக்கடன் எடுக்கப் போகிறவர்கள் கட்டாயம் விசாரியுங்கள். எடுக்க முடிகிற பணத்தை எடுக்காமல் இருக்கிற கட்டுப்பாடு மட்டும் வேண்டும். தம்பியின் கடன் இந்த வகை இல்லை. மாற வேண்டுமென்றால் வேறு வங்கி, வக்கீல் ஒப்பீனியன், மதிப்பீடு, திரும்பவும் எம்ஓடி பதிவு (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததைப் பதிவது), அதற்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று செலவு வரிசையாக வரும். அதனால் விட்டோம்.

வட்டி குறைவு என்று வேறு வங்கிக்கு மாற நினைப்பவர்களும் இந்தச் செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். முதலில் நம் வங்கியிலேயே கேட்கலாம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) போன்ற வெளி விகிதத்தோடு கட்டப்பட்டவை. அதற்கு முந்தைய பழைய கடனாக இருந்தால், சிறிய கட்டணத்தில் ரெப்போ கணக்குக்கு மாற்றித் தருவார்கள். 2025-ல் ரெப்போ 6.5-லிருந்து படிப்படியாக 5.25-க்கு இறங்கியது. உங்கள் வட்டி அதோடு இறங்கியதா என்று பாஸ்புக்கை அல்ல, கடன் கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

என் கடனில் நான் கற்றது அதுதான். 2017-ல் 18 லட்சம், 15 வருடத்துக்கு எடுத்தோம். 2022 ஏப்ரலில் 99 மாதம் பாக்கி என்று அறிக்கையில் இருந்தது. அந்த மே மாதத்திலிருந்து ரெப்போ ஏற ஆரம்பித்து 4-லிருந்து 6.5 வரை போனது. தவணை மாறவில்லை, அதனால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. 2023 ஏப்ரலில் அறிக்கையை எடுத்தால் பாக்கி 100 மாதம். ஒரு வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டிய பிறகும் ஒரு மாதம்கூடக் குறையவில்லை. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரை வங்கி கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியது. அந்தத் தேர்வு இப்போது உங்கள் கையில் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

பெரிய தொகை எதுவும் வராதவர்களுக்கும் வழி இருக்கிறது. 20 வருடக் கடனில் வருடத்துக்கு ஒரு தவணை மட்டும் கூடக் கட்டினால் மூன்று வருடத்துக்கு மேல் குறையும். தீபாவளி போனஸில் முடிகிற காரியம். வருடா வருடம் தவணையை 5 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால், 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் 12 வருடம் சொச்சத்தில் முடிந்துவிடும். சம்பளம் கூடும்போது தவணையும் கூடட்டும்.

நான் முழுசாக அடைத்த கதை

2024-ல் எங்கள் பாக்கி பத்தே முக்கால் லட்சம். எட்டு லட்சத்தோடு ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) முதிர்ந்த பணத்தைச் சேர்த்துக் கட்டி முடித்தோம். வேறு கடன் இல்லை, இரண்டு சம்பளம் வருகிறது, ஆறு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் இருந்தது. அதனால்தான் துணிந்தேன். மாதம் 17,725 ரூபாய் கையில் நிற்க ஆரம்பித்தபோது வந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அம்மா அதைத்தான் சொன்னார்.

பணம் கட்டியதோடு வேலை முடிவதில்லை. கடன் முழுசாக முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று விதி இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எங்கள் பத்திரம் வேறு ஊரில் பெட்டகத்தில் இருக்கிறது, இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று முதலில் சொன்னார்கள். இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இருபத்தாறாம் நாள் பத்திரம் வந்துவிட்டது. கடன் வாங்கியபோது கொடுத்த ஆவணப் பட்டியலை வைத்துத் தாய்ப்பத்திரம், கிரையப் பத்திரம், வரைபட அனுமதி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்கினேன்.

ஆனாலும் ஒன்றை விட்டுவிட்டேன். கடன் தொடங்கும்போது எம்ஓடி பதிவு செய்திருப்பார்கள் அல்லவா, அது சார்பதிவாளர் அலுவலகத்தில் தானாக நீங்காது. வங்கி கையெழுத்திட்டு ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் கடன் முடிந்ததாக வரும். நாலு மாதம் கழித்து ஒரு வேலையாக வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது, கட்டி முடித்த கடன் இன்னும் எங்கள் வீட்டின்மேல் அப்படியே நின்றது. திரும்ப வங்கிக்கு நடந்து, அவர்களைப் பதிவுக்கு வரவழைத்து முடித்தோம். நீங்கள் பத்திரம் வாங்குகிற அன்றைக்கே ரசீதுப் பதிவுக்கும் தேதி கேட்டுவிடுங்கள். தவணைக்காகக் கணக்கில் கொடுத்த அனுமதியை ரத்து செய்து, முன்பு கொடுத்த வெற்றுச் செக்குகளையும் எண்ணி வாங்குங்கள். கடனோடு காப்பீடு ஏதாவது ஒட்டியிருந்தால், மீதிக் காலத்துக்குப் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையிலும் (நம் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கை) முடிந்ததாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

போன வாரம் தம்பி போன் செய்தான். கூலி கொஞ்சம் சேர்ந்திருக்கிறதாம். "பதினஞ்சாயிரம் சேத்துக் கட்டிப்போடலாம்னு இருக்கறனுங்க்கா, பேங்குக்குப் போகட்டுங்களா?" என்றான். தறி நின்றபோது டெபாசிட்டிலிருந்து எடுத்ததில் எவ்வளவு திரும்பப் போட்டிருக்கிறான் என்று கேட்டேன். பாதிதான் என்றான். "மொதல்ல அதை நெரப்பிப்போடு கண்ணு. பேங்குக்கு அடுத்த மாசம் போய்க்கலாம்" என்றேன். "சரிங்க்கா" என்றான். பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.